எக்ஸ்றேயில் கச்சான் தெரியுமா? வாசகர் கேள்வி – வைத்தியர் பதில்

பிள்ளைகளின் நோய்களை எக்ஸ்றே, ஸ்கான் போன்ற படங்களால் கண்டறிவது பற்றிக் கேட்டு மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களிலிருந்து இம்முறை பல கடிதங்கள் வந்திருந்தன. அவற்றுள் மற்றப் பெற்றோருக்கும் பயன்படக்கூடியவற்றைத் தெரிந்தெடுத்து, கதிரியல் பிரிவில் நெடுங்காலம் பணியாற்றியவன் என்ற முறையில் பதில் எழுதியிருக்கிறேன். கடிதங்கள் சுருக்கப்பட்டுள்ளன, பெயர்கள் தவிர்க்கப்பட்டுள்ளன.

கேள்வி: என் மகனுக்கு மூன்று வயது. அடிக்கடி சளியும் இருமலும் வருவதால் இந்த ஒரு வருடத்துக்குள் மூன்று தடவை நெஞ்சு எக்ஸ்றே எடுத்துவிட்டார்கள். இப்படி எடுத்துக்கொண்டே போனால் புற்றுநோய் வரும் என்று அயலவர்கள் சொல்கிறார்கள். அடுத்த தடவை எடுக்கச் சொன்னால் மறுக்கலாமா?
– தாய், களுவாஞ்சிகுடி

பதில்: அளவு தெரியாதபோதுதான் பயம் பெரிதாகிறது, ஆகவே முதலில் அளவைச் சொல்லிவிடுகிறேன். மண்ணிலிருந்தும், உண்ணும் உணவிலிருந்தும், வானிலிருந்தும் உலகில் வாழும் ஒருவருக்கு வருடமொன்றுக்குச் சராசரியாக 2.4 மில்லிசீவேர்ட் (உடலில் சேரும் கதிர்வீச்சை அளக்கும் அலகு) இயற்கைக் கதிர்வீச்சு கிடைத்துக்கொண்டே இருக்கிறது. ஒரு நெஞ்சு எக்ஸ்றேயில் கிடைப்பது ஏறக்குறைய 0.02 மில்லிசீவேர்ட். வீட்டில் மூன்று நாள் சும்மா இருந்தாலே வந்து சேரும் அளவு அது. உங்கள் மகனின் மூன்று படங்களையும் சேர்த்துக் கூட்டினாலும் பத்து நாள் கணக்கைத் தாண்டாது. எனவே நடந்து முடிந்ததை நினைத்து நித்திரையைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

அளவு சிறியது என்பதற்காக ஒவ்வொரு இருமலுக்கும் எக்ஸ்றே வேண்டும் என்று ஆகிவிடாது. பிள்ளைகளுக்கு வரும் நியூமோனியாவைப் பெரும்பாலும் கண்ணாலும் காதாலும் கடிகாரத்தாலுமே கண்டுபிடித்துவிடலாம். ஒன்று முதல் ஐந்து வயது வரையான பிள்ளை அழாமல் அமைதியாக இருக்கும் நேரத்தில் சட்டையை உயர்த்திவிட்டு, ஒரு முழு நிமிடம் நெஞ்சு ஏறி இறங்குவதை எண்ணிப் பாருங்கள். இருமலோடு, மூச்சு 40 அல்லது அதற்கு மேல் போனால் உடனே வைத்தியரிடம் காட்ட வேண்டும். மருந்து கொடுத்தும் குறையாத காய்ச்சல், நெஞ்சறையில் நீர் சேர்ந்திருக்கும் என்ற ஐயம், வீட்டில் காசநோயாளர் ஒருவர் இருப்பது, ஏதாவது பொருள் மூச்சுக்குழாய்க்குள் போயிருக்கலாம் என்ற சந்தேகம் ஆகிய நிலைகளில் எக்ஸ்றே தன் வேலையைச் செய்கிறது.

ஆகவே மறுக்காதீர்கள், கேளுங்கள். "இந்தப் படத்தில் எதைப் பார்க்கப் போகிறீர்கள், ஐயா? போன மாதம் எடுத்த படம் போதாதா?" என்று பணிவாகக் கேட்டால் எந்த நல்ல வைத்தியரும் கோபிக்க மாட்டார். பழைய படங்களைக் கையோடு கொண்டு போவதும் உங்கள் பொறுப்பு. அலுமாரிக்குப் பின்னால் செருகி வைத்து, மாரி ஈரத்தில் ஒன்றோடொன்று ஒட்டிப்போன எக்ஸ்றேக்களைப் பிரித்தெடுக்க முடியாமல் புதிதாக ஒன்று எடுக்கும்படி நானே பல தடவை எழுத வேண்டி வந்திருக்கிறது. உலர்ந்த பொலித்தீன் உறையில் தட்டையாக வைத்து, திகதியை வெளியே எழுதிவிடுங்கள். இன்னொன்று: எக்ஸ்றே அறையில் பிள்ளையைப் பிடித்துக்கொள்ளும் தாய் கர்ப்பமாக இருந்தால் அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், தகப்பனோ பாட்டியோ பிடித்துக்கொள்ளலாம்.

கேள்வி: எங்கள் முதலாவது பெண்பிள்ளை வயிற்றில் தலை மேலாகவும் பிட்டப் பக்கம் கீழாகவும் இருந்ததால் சத்திரசிகிச்சை மூலம் பிறந்தது. கால்கள் நன்றாக அசைகின்றன, அழுகையும் இல்லை. ஆனாலும் ஆறு கிழமையில் இடுப்பை ஸ்கான் பண்ண வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். பிள்ளையின் மூத்தம்மா, எண்ணெய் தடவிக் காலை நீட்டிவிட்டால் எல்லாம் சரியாகும் என்கிறார். வீண் அலைச்சல்தானே?
– தகப்பன், அக்கரைப்பற்று

பதில்: அலைச்சல் உண்மை, வீண் என்பது உண்மையல்ல. உங்களை அனுப்பிய வைத்தியர் சரியான பிள்ளையைச் சரியான நேரத்தில் தெரிந்தெடுத்திருக்கிறார். இடுப்பு மூட்டு முழுமையாக அமையாமல் இருக்கும் நிலை ஆண்பிள்ளைகளை விடப் பெண்பிள்ளைகளிலும், முதற்பிள்ளைகளிலும், பிட்டப் பக்கம் கீழாக இருந்த பிள்ளைகளிலும், குடும்பத்தில் எவருக்காவது இது இருந்த பிள்ளைகளிலும் கூடுதலாகக் காணப்படுகிறது. உங்கள் மகளிடம் இவற்றில் மூன்று இருக்கின்றன.

தொடை எலும்பின் மேல்முனை ஒரு பந்து. இடுப்பெலும்பிலுள்ள குழி ஒரு கிண்ணம். பந்து கிண்ணத்துக்குள் அடங்கியிருந்தால்தான் கிண்ணம் ஆழமாக வளரும். பந்து விளிம்பில் நின்றாலோ வெளியே நழுவினாலோ கிண்ணம் ஆழமில்லாத தட்டாகவே நின்றுவிடும். இதிலே பெற்றோரை ஏமாற்றுவது என்னவென்றால், இந்தப் பருவத்தில் பிள்ளைக்கு வலியே இல்லை. கால் அசையும், பிள்ளை சிரிக்கும், பால் குடிக்கும். நடக்கத் தொடங்கும்போது நொண்டினால்தான் வீட்டாருக்குத் தெரியவரும். அப்போது சிகிச்சை பல மடங்கு கடினமாகிவிடும்.

ஏன் எக்ஸ்றே வேண்டாம், ஏன் ஸ்கான் என்ற கேள்வியும் வரலாம். பிறந்த பிள்ளையின் தொடை எலும்புப் பந்து இன்னும் எலும்பாகவில்லை; அது குருத்தெலும்பு. குருத்தெலும்பு எக்ஸ்றேயில் தெரியாது. எக்ஸ்றே எடுத்தால் பந்து இருக்க வேண்டிய இடம் வெறுமையாகத் தெரியும். அல்ட்ராசவுண்ட் ஸ்கான் ஒலியலையால் பார்ப்பதால் குருத்தெலும்பைத் தெளிவாகக் காட்டுகிறது. கதிர்வீச்சும் அதில் இல்லை. ஒஸ்திரியா நாட்டின் எலும்பு மருத்துவர் கிராஃப் 1980 இல் விவரித்த முறைப்படி, கிண்ணத்தின் கூரை எவ்வளவு சரிவாக இருக்கிறது என்பதைக் கோணமாக அளக்கிறோம். 60 பாகையும் அதற்கு மேலும் இருந்தால் மூட்டு நன்றாக அமைந்திருக்கிறது என்று பொருள். பிறந்தவுடன் பார்த்தால் பல பிள்ளைகளின் மூட்டு இயல்பாகவே தளர்வாகத் தெரியும் என்பதால்தான் ஆறு கிழமை வரை பொறுக்கிறோம். நான்கு முதல் ஆறு மாதத்துக்குப் பிறகு பந்து எலும்பாகத் தொடங்கிவிடும். அப்போது எக்ஸ்றேதான் ஏற்றது. ஒரே மூட்டு, ஒரே கேள்வி. பிள்ளையின் வயதுதான் கருவியைத் தீர்மானிக்கிறது.

குறை தெரிந்தாலும் கலங்க வேண்டாம். கால்களை அகற்றி மடித்து வைத்திருக்கும் துணிப்பட்டி ஒன்றைச் சில கிழமைகள் அணிவித்தாலே பெரும்பாலான பிள்ளைகளின் மூட்டு சரியாகிவிடும்.

மூத்தம்மாவிடம் இரண்டு விடயங்களை மரியாதையாகச் சொல்லுங்கள். எண்ணெய் தடவுவதில் குற்றமில்லை. ஆனால் கால்களை இழுத்து நீட்டுவதும், இரண்டு கால்களையும் நேராகச் சேர்த்துத் துணியால் இறுகச் சுற்றுவதும் இந்த மூட்டுக்குக் கெடுதி. அவர் காலத்துப் பழக்கமொன்றோ மிக நல்லது: தலை நின்ற பிள்ளையை இடுப்பில் இருத்தி, இரு கால்களும் இரு பக்கம் அகன்றிருக்கத் தூக்கித் திரிவது. பிள்ளைகளை இவ்வாறு சுமக்கும் சமூகங்களில் இந்தக் குறை குறைவாகவே காணப்படுகிறது.

கேள்வி: பத்து வயதாகியும் என் மகன் வகுப்பில் எல்லோரிலும் கட்டை. வளர்ச்சியைப் பார்க்க இடது கையை எக்ஸ்றே எடுக்கச் சொன்னார்கள். உயரத்துக்கும் கைக்கும் என்ன தொடர்பு?
– ஆசிரியர், திருக்கோவில்

பதில்: பிறந்த பிள்ளையின் மணிக்கட்டை எக்ஸ்றே எடுத்தால் அங்கே எலும்பே இல்லாதது போலத் தெரியும், மணிக்கட்டின் எட்டுச் சிற்றெலும்புகளும் வருடங்கள் செல்லச் செல்ல ஒவ்வொன்றாகத் தோன்றும். எவை தோன்றியிருக்கின்றன, விரல் எலும்புகளின் முனைகள் எந்த அளவுக்கு இணைந்திருக்கின்றன என்பதைப் பார்த்து எலும்பின் வயதைக் கணிக்கிறோம். மகனுக்குப் பத்து வயதும் எலும்புக்கு எட்டு வயதும் என்று வந்தால், வளர இன்னும் காலம் மிச்சமிருக்கிறது என்று கொள்ளலாம். காரணத்தை வைத்தியர் தேடுவார். ஒப்பிடப் பயன்படும் படத்தொகுப்பு அமெரிக்கப் பிள்ளைகளைக் கொண்டு 1950 இல் வெளியானது என்பதால், எங்கள் பிள்ளைகளுக்குச் சில மாத வித்தியாசத்தைப் பெரிதாக எடுக்கக் கூடாது. இதன் கதிர்வீச்சு, நெஞ்சு எக்ஸ்றேயை விட மிகக் குறைவு.

கேள்வி: என் பேரனுக்கு எட்டு மாதம். திடீரென்று வீறிட்டு அழுவான், காலை வயிற்றோடு மடிப்பான், பிறகு சோர்ந்து படுப்பான், மறுபடி அழுவான். கண்ணூறு என்று நினைத்து நூல் கட்டினோம். மறுநாள் மலத்தில் இரத்தம் கண்டு ஓடினோம். ஸ்கான் பண்ணிக் குடலுக்குள் குடல் போயிருக்கிறது என்றார்கள்; வெட்டாமல் காற்றடித்தே சரிப்படுத்தினார்கள். இது எப்படி நடந்தது? திரும்பவும் வருமா?
– பாட்டி, தம்பிலுவில்

பதில்: அம்மா, பேரன் பிழைத்தது பற்றி எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. நீங்கள் எழுதியிருக்கும் வரிகள் எந்தப் பாடநூலிலும் இருப்பதை விடத் தெளிவானவை. அதனால்தான் அவற்றைக் குறைக்காமல் வெளியிடுமாறு பத்திரிகை ஆசிரியரைக் கேட்டுக்கொண்டேன்.

சட்டைக் கையைக் கழற்றும்போது அதன் ஒரு பகுதி உட்புறமாக மடிந்து உள்ளே போய்விடுவதைப் பார்த்திருப்பீர்கள். சிறுகுடலின் கடைசிப் பகுதி அவ்வாறே பெருங்குடலுக்குள் செருகிக்கொள்கிறது. மூன்று மாதம் முதல் மூன்று வயது வரையான பிள்ளைகளிலேயே இது பெரும்பாலும் வருகிறது. குடல் சுருங்கி இழுக்கும்போது வலி எழும். தளரும்போது பிள்ளை சோர்ந்து உறங்கும். விட்டுவிட்டு வரும் அந்த அழுகைதான் முதல் அடையாளம். உள்ளே மாட்டிய குடலின் இரத்தோட்டம் தடைப்பட்ட பிறகே மலத்தில் இரத்தமும் சளியும் கலந்து சிவந்த கூழ்போல வரும். அது வரும்வரை காத்திருப்பது பிந்திப்போன நிலை.

இத்தகைய பிள்ளையைப் பார்த்த ஒரு பிற்பகல் இன்றும் என் கண்முன் நிற்கிறது. அறையை இருட்டாக்கி, தடவும் ஜெல்லை உள்ளங்கையில் வைத்துச் சூடாக்கி, அழுகை ஓய்ந்த இடைவெளிக்காகக் காத்திருந்து, வயிற்றின் வலப்பக்கம் கருவியை மெல்ல வைத்தேன். வெங்காயத்தைக் குறுக்கே வெட்டி வைத்தது போல வளையத்துக்குள் வளையமாகத் திரையில் வந்து நின்றது. மூன்று சென்ரிமீற்றர் இருக்கும். பார்த்து முடிக்க ஒரு நிமிடம் ஆகவில்லை. அனுபவமுள்ளவர் பார்த்தால் இந்த நோயில் ஸ்கான் தவறுவது மிக அரிது.

சிகிச்சையும் படத்தின் துணையோடுதான் நடக்கிறது. மலவாசல் வழியாக மெல்லிய குழாயை வைத்து, அமுக்கத்தை அளந்தபடி காற்றையோ உப்புநீரையோ செலுத்தும்போது, செருகிய குடல் பின்னோக்கித் தள்ளப்பட்டு வெளியேறுவதை எக்ஸ்றேத் திரையிலோ ஸ்கானிலோ நேராகவே பார்க்கலாம். நேரத்தோடு வந்த பிள்ளைகளில் பெரும்பாலானோருக்கு இது பலிக்கிறது. குடல் துளைபட்டிருந்தாலோ பிள்ளை அதிர்ச்சி நிலையில் இருந்தாலோ இதைச் செய்ய முடியாது, சத்திரசிகிச்சைதான் வழி.

திரும்ப வருமா என்றால், ஏறக்குறைய பத்துப் பிள்ளைகளில் ஒருவருக்கு வரலாம். வருவதாயின் பெரும்பாலும் முதல் சில நாட்களில். அதே அழுகையைக் கேட்டால் நடுச்சாமமானாலும் கொண்டு போங்கள். நூலைக் கையில் கட்டியபடியே கொண்டு போகலாம். அதை எவரும் குறை சொல்ல மாட்டார்கள்.

கேள்வி: ஏழு வயது மகன் துவிச்சக்கரவண்டியிலிருந்து விழுந்து நெற்றியில் அடிபட்டு வீங்கிவிட்டது. எங்கள் பகுதி வைத்தியசாலையொன்றில் சீ.ரி. ஸ்கான் எடுக்கும்படி கேட்டேன். எடுக்காமல் ஆறு மணித்தியாலம் வைத்துப் பார்த்துவிட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். ஏழைகள் என்பதால் அலட்சியமா?
– தகப்பன், கல்முனை

பதில்: உங்கள் மனவருத்தம் எனக்குப் புரிகிறது. ஒருவரும் வந்து காரணத்தை விளக்காமல் ஆறு மணித்தியாலம் வாங்கில் இருக்க வைத்தது பிழை. ஆனால் ஸ்கான் எடுக்காமல் விட்ட முடிவு, நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால், சரியானது.

சீ.ரி. ஸ்கான், ஒலியலையால் அல்ல, எக்ஸ்றேக் கதிர்களால் மூளைக்குள் இரத்தக்கசிவை நொடியில் காட்டும் அருமையான கருவி. ஆனால் ஒரு தலைச் சீ.ரி.யில் ஏறக்குறைய 2 மில்லிசீவேர்ட் கிடைக்கிறது. நெஞ்சு எக்ஸ்றே மூன்று நாள் கணக்கு என்றால் இது பத்து மாதக் கணக்கு. பிரித்தானியாவில் ஏறக்குறைய 1,80,000 பேரைப் பின்தொடர்ந்து 2012 இல் வெளியான ஆய்வு, பத்து வயதுக்குட்பட்டோருக்கு எடுக்கப்படும் 10,000 தலைச் சீ.ரி.க்களுக்கு, அடுத்த பத்து வருடத்தில் மேலதிகமாக ஒரு இரத்தப் புற்றுநோயும் ஒரு மூளைக்கட்டியும் வரலாம் என மதிப்பிட்டது. தேவையான பிள்ளைக்குக் கிடைக்கும் நன்மையோடு ஒப்பிட்டால் இந்த ஆபத்து மிகச் சிறியது. தேவையில்லாத பிள்ளைக்கு ஏன் அதையும் கொடுக்க வேண்டும்?

தேவையை அறிய வழியும் உண்டு. வட அமெரிக்காவில் 42,000 க்கும் மேற்பட்ட பிள்ளைகளைக் கொண்டு 2009 இல் வெளியான ஆய்வின்படி, இரண்டு வயதைத் தாண்டிய பிள்ளை நினைவு இழக்காமல், வாந்தி எடுக்காமல், கடுமையான தலையிடி இல்லாமல், வழக்கம்போலப் பேசிக்கொண்டு, மண்டையோட்டின் அடிப்பகுதி உடைந்ததற்கான அடையாளமும் இல்லாமல் இருந்து, விழுந்த விதமும் பாரதூரமானதாக இல்லாவிட்டால், மூளையில் பெரிய காயம் இருப்பதற்கான வாய்ப்பு 2,000 இல் ஒன்றுக்கும் குறைவு. அந்த ஆறு மணித்தியாலமும் தாதியர் வந்து வந்து மகனைப் பெயர் கேட்டதும் கண்ணுக்கு வெளிச்சம் அடித்ததும் இவற்றைப் பார்ப்பதற்காகவே. ஐந்தடிக்கு மேற்பட்ட உயரத்திலிருந்து விழுந்திருந்தாலோ, வாகனம் மோதி விழுந்திருந்தாலோ, இரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளையாக இருந்தாலோ கணக்கு வேறு. வீட்டுக்கு வந்த பிறகு வாந்தி, எழுப்ப முடியாத நித்திரை, வலிப்பு, மூக்கிலிருந்தோ காதிலிருந்தோ நீர் வடிதல் ஆகியவற்றுள் எதைக் கண்டாலும் உடனே திரும்பிப் போக வேண்டும்.

கேள்வி: டெங்குக் காய்ச்சலோடு விடுதியில் இருந்த மகளுக்கு வயிற்றை ஒரே நாளில் இரண்டு தரம் ஸ்கான் பண்ணினார்கள். இரத்தத்தில் உள்ள நோய்க்கு வயிற்றில் என்ன பார்க்கிறார்கள்?
– தாய், ஏறாவூர்

பதில்: டெங்கில் உயிரைக் குடிப்பது காய்ச்சல் அல்ல, கசிவு. காய்ச்சல் இறங்கத் தொடங்கும் வேளையில், சில பிள்ளைகளின் நுண்குழாய்களிலிருந்து இரத்தத்தின் நீர்ப்பகுதி வயிற்றறைக்கும் நெஞ்சறைக்கும் கசியும். அந்தக் கட்டம் 24 முதல் 48 மணித்தியாலம் நீடிக்கும். வலது நுரையீரலுக்குக் கீழே மெல்லிய கோடாக நீர் நிற்பதையும், பித்தப்பையின் சுவர் தடித்திருப்பதையும், கையால் தொட்டு அறிய முடியாத நேரத்திலேயே ஸ்கான் காட்டிவிடும். கசிவு தொடங்கிய மணி தெரிந்தால்தான் சேலைனை எவ்வளவு, எவ்வளவு நேரம் கொடுப்பது என்று கணக்கிடலாம். குறைந்தாலும் ஆபத்து, கூடினாலும் ஆபத்து. காலையில் இல்லாத நீர் மாலையில் இருக்கலாம் என்பதாலேயே இரண்டாம் தரம் பார்த்தார்கள்.

கேள்வி: மாமாங்கத் தீர்த்தத்துக்குப் போன இடத்தில் இரண்டரை வயது மகள் கச்சான் தின்றபடி ஓடிப் புரையேறி, முகம் நீலித்து, பிறகு சரியாகிவிட்டாள். அன்றிலிருந்து இருமலும் ஒரு பக்க இழுப்பும் இருக்கின்றன. எக்ஸ்றே எடுத்தோம், ஒன்றும் இல்லை என்றார்கள். தொய்வு என்று மருந்து தருகிறார்கள். கச்சான் உள்ளே இருந்தால் எக்ஸ்றேயில் தெரிந்திருக்கும்தானே?
– தாய், மட்டக்களப்பு

பதில்: உங்கள் கடிதத்தில் தொலைபேசி இலக்கம் இருந்ததால், கிடைத்த அன்றே அழைத்து, பிள்ளையை உடனே வைத்தியசாலையில் காட்டும்படி சொல்லிவிட்டேன். மற்றப் பெற்றோருக்காக இங்கே எழுதுகிறேன்.

கச்சான் எக்ஸ்றேயில் தெரியாது. நாணயம் தெரியும், ஊசி தெரியும், எலும்பு தெரியும். கச்சான், கடலை, பழவிதை, பிளாஸ்டிக் துண்டு ஆகியவை சதையைப் போலவே கதிரை விட்டுவிடுவதால் படத்தில் தடம் பதிவதில்லை. நாங்கள் தேடுவது கச்சானை அல்ல, அது செய்யும் கோளாறை. மூச்சை இழுக்கும்போது குழாய் விரிந்து காற்று உள்ளே போகும். விடும்போது குழாய் சுருங்கிக் கச்சானைப் பற்றிக்கொள்ளக் காற்று வெளியேற முடியாது. அந்தப் பக்க நுரையீரல் ஊதிய பலூன்போல மற்றதைவிடக் கறுத்துத் தெரியும். மூச்சை வெளியே விட்ட கணத்தில் எடுத்த படத்தில்தான் இந்த வித்தியாசம் நன்றாக விளங்கும். சில பிள்ளைகளில் அதுவும் தெரியாமல் படம் முழுக்க இயல்பாகவே இருக்கும். ஆகவே புரையேறிய வரலாறு உறுதியாக இருந்தால், எக்ஸ்றே நன்றாக இருக்கிறது என்பதை வைத்துக்கொண்டு பிள்ளையை வீட்டுக்கு அனுப்பக் கூடாது. மயக்க மருந்து கொடுத்து, குழாய்க் கருவியால் மூச்சுக்குழாயை நேராகப் பார்த்து, இருந்தால் அப்போதே எடுத்துவிட வேண்டும். கச்சானின் எண்ணெய் மூச்சுக்குழாயின் சுவரைப் புண்ணாக்கி வீங்கச் செய்வதால் நாட்கள் போகப் போக எடுப்பது கடினமாகும்.

நீங்கள் பேசும்போது சொன்ன ஒன்று என் மனதை விட்டுப் போகவில்லை: எக்ஸ்றேக்கு அனுப்பிய துண்டில் "இருமல்" என்று மட்டும் எழுதியிருந்ததாம். கதிரியல் பிரிவில் இருப்பவரின் கைக்குப் படத்துக்கு முன்னால் வருவது அந்தத் துண்டுதான். "கச்சான் தின்னும்போது புரையேறியது, நீலித்தது, அதன் பிறகு ஒரு பக்க இழுப்பு" என்று எழுதியிருந்தால், அவர் மூச்சை விட்ட நிலையிலும் ஒரு படம் எடுத்திருப்பார். இரு பக்க நுரையீரலையும் வேறு கண்ணோடு ஒப்பிட்டிருப்பார். உங்கள் பிள்ளைக்கு நடந்ததை நேரில் கண்டவர் நீங்கள் ஒருவர்தான். வைத்தியர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். சொன்னதைத் துண்டில் எழுதும்படி கேளுங்கள். படம் எடுப்பவரிடமும் ஒரு தரம் சொல்லுங்கள்.

விழுங்கியது நாணயம் என்று நினைத்து வருவோருக்கும் ஒரு வார்த்தை. விளையாட்டுப் பொருட்களிலும் தொலைக்காட்சி ரிமோட்டிலும் இருக்கும் வட்டமான சிறு பற்றரி, படத்தில் நாணயம்போலவே தெரியும். உற்றுப் பார்த்தால் அதன் ஓரத்தில் இரட்டை வளையம் இருக்கும். அது உணவுக்குழாயில் மாட்டினால் இரண்டு மணித்தியாலத்துக்குள்ளேயே சுவரை எரித்துவிடும். வீட்டில் அந்தப் பற்றரி ஒன்றைக் காணவில்லை என்றால், அதே வகைப் பற்றரி வேறொன்று இருந்தால் அதையும் கையில் எடுத்துக்கொண்டு, சோறு தண்ணீர் கொடுத்துப் பார்க்காமல் நேராக வைத்தியசாலைக்குப் போங்கள்.